கடைசி வரை மாணவி

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் (1820 - 1910)

இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு மாணவன்

கைவிளக்கேந்திய காரிகை என்றதும் நம் எல்லோருக்கும் ஒரே படம்தான் நினைவுக்கு வரும். ராத்திரி நேரம். நீளமான வார்டு. வரிசையாகப் படுத்திருக்கும் சிப்பாய்கள். கையில் விளக்கோடு மெல்ல நடந்து போகிற ஒரு பெண். பள்ளிக்கூடத்தில் படித்தது அத்தோடு சரி. நர்சிங் மாணவிகள் விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கிறார்களே, அதுவும் அந்த விளக்கின் நினைவாகத்தான். அவர் பிறந்த மே 12ஆம் தேதியைத்தான் உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடுகிறோம்.

ஆனால் தோழர்களே, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த அம்மையார் வாழ்ந்தது 90 ஆண்டுகள். விளக்கோடு போர்க்கள ஆஸ்பத்திரியில் இருந்தது இரண்டு ஆண்டுக்கும் குறைவு. மிச்சக் காலமெல்லாம் என்னதான் செய்தார்? இந்தக் கேள்வி மனசில் விழுந்தபிறகு விட முடியவில்லை. நம் கல்லூரி நூலகத்திலும் ஊர்ப் பொது நூலகத்திலும் தேடிப் படித்தேன். கிடைத்த விடை எனக்கே ஆச்சரியம். அவர் படித்தார். பிறரைப் படிக்க வைத்தார். படித்து முடித்து வேலைக்குப் போனவர்களையும் விடாமல் படிக்க வைத்தார்.

சிவில்காரனுக்கு நர்ஸ் கதை எதற்குடா என்று ஹாஸ்டலில் கேலி செய்தார்கள். பொறுங்கள். இந்தக் கதையில் சாக்கடை வரும், கொத்தனார் மகன் ஒருவர் வருவார், அணைக்கட்டும் வரும்.

படிக்கத் துடித்த பெண்

1820ஆம் ஆண்டு இத்தாலியில் உள்ள பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். அதனால் ஊர்ப் பெயரே அவர் பெயரானது. குடும்பம் இங்கிலாந்தின் பெரிய பணக்காரக் குடும்பம். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடிக் கிடந்த காலம் அது. ஆனால் அப்பா படித்தவர். தன் இரண்டு பெண்களுக்கும் தானே வாத்தியாராக இருந்து லத்தீன், கிரேக்கம், வரலாறு, தத்துவம் எல்லாம் சொல்லித் தந்தார். இளைய மகள் பிளாரன்ஸுக்கு அதிகம் பிடித்தது கணக்கு.

1837ல், பதினாறு வயதில், கடவுள் தன்னைத் தொண்டு செய்ய அழைக்கிறார் என்று உணர்ந்தார். 1845ல் சாலிஸ்பரி என்ற ஊரின் ஆஸ்பத்திரியில் சில மாதங்கள் தங்கி நர்ஸ் வேலை கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றார். வீட்டில் பூகம்பமே வந்துவிட்டது! அந்தக் காலத்தில் நர்ஸ் வேலைக்கு மதிப்புக் கிடையாது. குடிக்கிறவர்கள், வேறு போக்கிடம் இல்லாதவர்கள் செய்கிற வேலை என்றுதான் பேச்சு. பயிற்சி என்று ஒன்றும் பெரிதாக இல்லை. பணக்கார வீட்டுப் பெண் அங்கே போவதா? அம்மாவும் அக்காவும் விடவே இல்லை.

எங்கள் குடும்பத்தில் காசு இல்லாததால் எனக்கு முன்னால் யாரும் படிக்கவில்லை. அவர் குடும்பத்தில் காசு இருந்ததாலேயே அவர் விரும்பியதைப் படிக்க விடவில்லை. இரண்டு பூட்டும் வேறு வேறு. ஆனால் உள்ளே அடைபட்டுக் கிடந்தவர்களின் ஏக்கம் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் சும்மா இருக்கவில்லை. விடியுமுன் எழுந்து, வீட்டார் தூங்கும்போதே ஆஸ்பத்திரி அறிக்கைகள், சுகாதார அறிக்கைகள் எல்லாவற்றையும் படித்துக் குறிப்பெடுத்தார். 1851ல்தான் ஜெர்மனியில் கைசர்ஸ்வெர்த் என்ற ஊரில் மூன்று மாதம் பயிற்சி பெற முடிந்தது. அப்போது அவருக்கு வயது 31. அந்த வயதில் முதல் வகுப்பு! அரியர் இரண்டு விழுந்ததும் வாழ்க்கையே போச்சு என்று புலம்புகிறோமே, இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும். 1853ல் லண்டனில் ஒரு சிறிய மருத்துவமனையின் மேற்பார்வையாளர் ஆனார். அப்பா கொடுத்த ஆண்டுப் பணத்தில் வாழ்ந்துகொண்டு, சம்பளம் வாங்காமலே வேலை பார்த்தார்.

ஸ்குட்டாரியில் நடந்தது

1854ல் கிரிமியப் போர். பிரிட்டிஷ் அரசு கேட்டுக்கொண்டபடி, 38 நர்ஸ்களைக் கூட்டிக்கொண்டு துருக்கியில் இருந்த ஸ்குட்டாரி ராணுவ ஆஸ்பத்திரிக்கு நவம்பர் 4ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். துணி இல்லை, சோப்பு இல்லை, சமைக்கப் பாத்திரம்கூட ஒழுங்காக இல்லை. அவர் எல்லாவற்றையும் வாங்கிப் போட்டார். சமையலைச் சீர் செய்தார், துணி துவைக்க ஏற்பாடு செய்தார், இரவில் விளக்கோடு சுற்றி வந்தார். இதெல்லாம் நாம் படித்த கதை.

நாம் படிக்காத கதை ஒன்று உண்டு. அவர் இவ்வளவு செய்தும் அந்தக் குளிர்காலத்தில் சாவு குறையவில்லை, ஏறியது! அவரே பின்னால் வெளியிட்ட கணக்கின்படி, 1855 பிப்ரவரியில் அங்கே சிகிச்சைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் இறந்தார்கள். குண்டடியால் இறந்தவர்களைவிட வயிற்றுப்போக்கு, காலரா, ஜுரம் இவற்றால் இறந்தவர்கள் பல மடங்கு.

1855 மார்ச்சில் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. அதில் டாக்டர் ஜான் சதர்லேண்டும், ராபர்ட் ராலின்சன் என்ற சிவில் இன்ஜினியரும் இருந்தார்கள். இந்த ராலின்சன் ஒரு கொத்தனாரின் மகன். என் அப்பாவும் கொத்தனார்தான். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் குழு என்ன செய்தது? கட்டடத்துக்கு அடியில் அடைத்துக் கிடந்த சாக்கடையைத் தண்ணீர் விட்டுக் கழுவித் திறந்தது. குப்பையையும் செத்த மிருகங்களையும் அப்புறப்படுத்தியது. காற்றோட்டத்துக்கு வழி செய்தது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. குடிதண்ணீரைச் சீர்ப்படுத்தியது. அதே ஆண்டு ஜூன் மாதம் சாவு நூற்றுக்கு 2 பேர் என்ற அளவுக்கு இறங்கிவிட்டது.

1856ல் ஊர் திரும்பினார். நாடே அவரைத் தெய்வமாகக் கொண்டாடியது. வேறு யாராவது இருந்தால் மாலை மரியாதையோடு மிச்ச வாழ்நாளை ஓட்டியிருப்பார்கள். அவரோ வில்லியம் பார் என்ற புள்ளியியல் நிபுணரோடு உட்கார்ந்து இறப்புக் கணக்கைப் பிரித்துப் போட்டார். அதுவரை, சிப்பாய்கள் பட்டினியாலும் களைப்பாலும் மிகவும் தாமதமாக வந்து சேர்ந்ததால்தான் பெரும்பாலோர் இறந்தார்கள் என்று நினைத்திருந்தார். கணக்கு வேறு கதை சொன்னது. ஆஸ்பத்திரியின் சாக்கடையும் நெரிசலும் காற்றில்லாத வார்டும்தான் பெரிய எமன். தான் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட அதே கட்டடத்தில், தன் கண் முன்னால் அது நடந்திருக்கிறது!

அந்த உண்மையை அவர் மறைக்கவில்லை. வட்ட வடிவ வண்ணப் படமாக வரைந்து அச்சடித்து, அமைச்சர்களுக்கும் தலைவர்களுக்கும் அனுப்பினார். 1858ல் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது. அந்தச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் அவர்தான். அன்புமட்டும் போதாது, அறிவும் வேண்டும், அந்த அறிவையும் நாளுக்கு நாள் புதுப்பிக்க வேண்டும் என்ற பாடத்தை இப்படி மிக அதிக விலை கொடுத்துத்தான் அவர் கற்றார் என்பது என் எண்ணம்.

பள்ளிக்கூடம் வைத்த பிறகு

போர்க் காலத்தில் அவர் பெயரில் மக்கள் நிதி சேர்த்தார்கள். சிப்பாய்கள்கூட ஒரு நாள் சம்பளத்தைக் கொடுத்தார்கள். சுமார் 45,000 பவுன் சேர்ந்தது. அந்தப் பணத்தில் 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். முதல் அணியில் 15 பேர். பயிற்சி ஒரு வருஷம். சொற்பொழிவு, வார்டு வேலை இரண்டும் உண்டு. நாட்குறிப்பும் எழுத வேண்டும். நம்ம லேப் ரெக்கார்டு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் அவர் உடல்நிலை கெட்டு, பெரும்பாலும் படுக்கையிலேயே இருந்தார். பள்ளியை நேரில் போய்ப் பார்க்க முடியவில்லை. 1870களின் தொடக்கத்தில் நன்றாக விசாரித்துப் பார்த்தபோது, பாடம் நடத்த வேண்டிய டாக்டர் பல காலமாக ஒழுங்காக வகுப்பே எடுக்கவில்லை என்று தெரிய வந்தது. பெயர் பெரிய பள்ளி, உள்ளே பாடம் இல்லை! அந்த டாக்டரை மாற்றினார். புதிதாக வந்த ஜான் கிராப்ட் என்ற மருத்துவர் முறையாக வகுப்பு எடுத்துக் குறிப்புகளும் தந்தார். படித்து முடித்துப் போன நர்ஸ்களை ஒவ்வொருவராகத் தன் வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, வார்டில் என்ன நடக்கிறது என்று துருவித் துருவிக் கேட்டுக் குறிப்பெடுத்தார்.

1872ல் இன்னொரு வேலை தொடங்கினார். தன் பள்ளி நர்ஸ்களுக்கு நீண்ட கடிதம் எழுதினார். மாணவிகளுக்கு மட்டுமல்ல, தேறி வேலை பார்ப்பவர்களுக்கும் சேர்த்துத்தான். 1900 வரை, எல்லா ஆண்டும் இல்லாவிட்டாலும், இந்தக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் கருத்து ஒன்றுதான். நர்ஸ் வேலையில் நின்ற இடத்தில் நிற்பது என்று ஒன்று கிடையாது. வருஷா வருஷம், மாதா மாதம் முன்னேறாதவர் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார். அனுபவம் கூடக் கூடக் கற்பதும் கூட வேண்டும். பயிற்சிப் பள்ளி, கற்பதற்குக் கற்றுக் கொடுக்கிற இடம் மட்டுமே.

அவர் நடத்திய இன்னொரு பயிற்சியில் கதை சோகமாக முடிந்தது. 1860களின் தொடக்கத்தில் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரியில் கிராமத்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி வார்டு ஒன்று தொடங்கினார். அங்கே பிரசவித்த தாய்மார்கள் ஜன்னி கண்டு இறக்கத் தொடங்கினார்கள். 1867ல் வார்டையே மூட வேண்டியதாயிற்று. அத்தோடு விட்டாரா? பல ஊர்களிலிருந்து பிரசவச் சாவுக் கணக்குகளை வரவழைத்துச் சேர்த்து 1871ல் ஒரு புத்தகம் போட்டார். அன்றைய பெரிய பிரசவ ஆஸ்பத்திரிகளில் இறந்த தாய்மார்களைவிட வீட்டில் பிரசவித்து இறந்தவர்கள் குறைவு என்று அந்தக் கணக்கு காட்டியது. தோற்றுப்போன திட்டத்தைக்கூட அடுத்தவர்களுக்குப் பாடமாக்கிவிட்டார்.

எங்கள் அப்பத்தா கற்றது

இந்த இடத்தில் எங்கள் அப்பத்தாவைப் பற்றிச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. சிவகங்கைச் சீமையில் ஒரு சின்ன ஊரில் அப்பத்தா மருத்துவச்சியாக இருந்தது. கைநாட்டுதான். பிரசவம் பார்க்கிற வேலை அதற்கு மாமியாரிடமிருந்து வந்தது. 1980களில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாட்டு மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். நர்சம்மா வீடு தேடி வந்து கூப்பிட்டாராம். அப்பத்தாவுக்குக் கோபம். எத்தனையோ பிள்ளைகளை எடுத்த கை இது, கல்யாணமே ஆகாத பொண்ணு வந்து எனக்குச் சொல்லிக் கொடுக்கிறதா என்று. அத்தனை நாள் கூலி போகுமே என்று தாத்தாவும் முனகினாராம். கடைசியில் அந்த நர்சம்மாவின் முகத்துக்காகப் போனது.

அங்கே கற்றது ஐந்து சுத்தம். சுத்தமான கை, சுத்தமான இடம், புது பிளேடு, சுத்தமான நூல், தொப்புளில் எதையும் தடவாமல் விடுவது. அதற்கு முன்னால் வீட்டில் எந்தக் கத்தி இருக்கிறதோ அதுதான். தொப்புளில் சாம்பலைப் பூசுவதும் உண்டு. பிறந்த ஏழெட்டு நாளில் சில பிள்ளைகள் பால் குடிக்க முடியாமல் தாடை இறுகி, உடம்பு வில்லாக வளைந்து இறந்துவிடும். காத்துக் கருப்பு என்று ஊர் சொல்லும். அது ரணஜன்னிக் கிருமியின் வேலை, வெட்டிய கத்தி வழியாகவும் பூசிய சாம்பல் வழியாகவும் போவது என்று அந்தப் பயிற்சியில்தான் அப்பத்தாவுக்குத் தெரிந்தது.

அதைக் கேட்டு வந்த ராத்திரி அப்பத்தா தூங்கவே இல்லை என்று அப்பா சொல்வார். எந்தெந்த வீட்டுப் பிள்ளை என்று எண்ணிக்கொண்டு கிடந்திருக்கும். என்னிடம் அதைப்பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசியது. அதுக்கப்புறம் நான் தொட்ட பிள்ளை ஒண்ணுகூட அப்படிப் போகலை என்று சொன்னதோடு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டது. அங்கே கொடுத்த தகரப் பெட்டி இன்றைக்கும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது.

கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி, சுத்தமான பிரசவம், ஆஸ்பத்திரிப் பிரசவம் எல்லாம் சேர்ந்து, 2015ல் பச்சைக் குழந்தைகளின் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்த வெற்றியில் எங்கள் அப்பத்தா மாதிரி எத்தனையோ கைநாட்டு மருத்துவச்சிகளின் பங்கும் உண்டு. அவர்கள் யாருக்கும் பட்டம் இல்லை. வேலை தெரிந்தபிறகும் மறுபடி கற்கத் துணிந்தார்கள், அவ்வளவுதான்.

ஏழை வீட்டு வாசலுக்கு

நைட்டிங்கேல் ஆஸ்பத்திரியோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் ஆதரவற்ற ஏழைகளை அடைத்து வைத்திருந்த விடுதிகள் இருந்தன. அங்கே நோயாளிகளை இன்னொரு கைதி போன்ற ஏழைதான் பார்த்துக்கொள்வார். 1865ல் லிவர்பூல் ஏழைகள் விடுதி மருத்துவமனைக்கு ஆக்னஸ் ஜோன்ஸ் என்ற மாணவியையும் பயிற்சி பெற்ற 12 நர்ஸ்களையும் அனுப்பினார். ஆக்னஸ் 1868ல் அங்கேயே விஷ ஜுரத்தில் இறந்தார். வயது 35தான்.

1874ல் லண்டனில் வீடு வீடாகப் போய் ஏழை நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் சங்கம் தொடங்கியது. அதன் தலைவி பிளாரன்ஸ் லீஸ், நைட்டிங்கேலின் மாணவி. ஆஸ்பத்திரியில் தேறியவராக இருந்தாலும் இந்த வேலைக்குத் தனியாக மறுபடி சில மாதம் பயிற்சி எடுத்தே ஆக வேண்டும் என்று வைத்தார்கள். ஏன்? வார்டில் டாக்டர் பக்கத்தில் இருப்பார், சுடுதண்ணீர் இருக்கும். குடிசையில் ஒன்றும் இருக்காது. நோயாளியைப் பார்ப்பதோடு அறையைச் சுத்தம் செய்யவும், வீட்டாருக்குச் சொல்லித் தரவும், சாக்கடை அடைத்திருந்தால் அதிகாரிக்குத் தெரிவிக்கவும் தெரிய வேண்டும். ஆஸ்பத்திரிப் பாடம் அங்கே பாதிதான்.

1892ல், 72 வயதில், பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்தில் பெண்களைக் கிராமச் சுகாதார ஊழியர்களாக்கும் திட்டத்துக்குப் பின்னால் நின்றார். மருத்துவ அதிகாரி பாடம் நடத்துவார், பிறகு மாணவிகளைக் கிராமத்து வீடுகளுக்கே கூட்டிப் போய்க் காட்டுவார், பரீட்சையும் உண்டு. இதை நடத்தியது யார் தெரியுமா? அந்த மாவட்டத்தின் தொழில்நுட்பக் கல்விக் குழு! பாலிடெக்னிக் மாணவர்கள் நாம் காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

மாற்றிக்கொள்ளத் தயங்காதவர்

நோய் கெட்ட காற்றால் வருகிறது என்பது அவர் இளமையில் எல்லோரும் நம்பியது. அவரும் நம்பினார். கிருமி என்ற புதுக் கருத்தை முதலில் சந்தேகித்தார். ஆனால் 1880களில், அறுபது வயதைத் தாண்டியபிறகு, கிருமி நீக்கும் மருந்துகள், கை கழுவும் முறை இவற்றையெல்லாம் நர்ஸ்களுக்கான பாடத்தில் சேர்த்து எழுதினார். தாமதம்தான். ஆனாலும் கற்றார்.

இந்தியாவுக்கு அவர் ஒருமுறைகூட வந்ததில்லை. ஆனால் 1859 முதல் பல பத்தாண்டுகள் இந்தியச் சுகாதாரத்துக்காக உழைத்தார். ராணுவ முகாம்கள் ஒவ்வொன்றுக்கும் கேள்வித்தாள் அனுப்பி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, சாக்கடை எங்கே போகிறது என்று கேட்டு வாங்கினார். 1863ல் அறிக்கை வெளிவந்தது. அடுத்த ஆண்டு சென்னை உட்பட மூன்று மாகாணங்களிலும் சுகாதாரக் கமிஷன்கள் அமைந்தன. முதலில் அவர் அக்கறை சிப்பாய்கள் மேல்தான். படிக்கப் படிக்க, கிராம மக்களின் பஞ்சமும் பட்டினியும் கண்ணில் பட்டன. நம் முக்கொம்பு மேலணையைக் கட்டிய சர் ஆர்தர் காட்டனிடம் பாசனத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவர் பக்கம் நின்று எழுதினார். நர்ஸ் வேலையில் தொடங்கியவர் வாய்க்கால் வெட்டுவது வரை கற்றுக்கொண்டார்!

பட்டியல் சண்டை

இனி வருவது அவர் தோற்ற சண்டை. 1887ல் பெட்போர்ட் பென்விக் அம்மையார் தலைமையில் பிரிட்டிஷ் நர்ஸ்கள் சங்கம் உருவானது. பரீட்சையில் தேறிய நர்ஸ்களின் பெயரைப் பட்டியலில் பதிவு செய்ய வேண்டும், பதியாதவர்கள் நர்ஸ் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என்று அவர்கள் கேட்டார்கள். நைட்டிங்கேல் கடுமையாக எதிர்த்தார்.

எனக்கு முதலில் இது புரியவே இல்லை. நல்ல விஷயம்தானே, ஏன் எதிர்க்கிறார்? அவர் வாதம் இது. பரீட்சை ஒரு நாளில் முடிந்துவிடும். அன்றைக்கு ஒருவருக்கு என்ன தெரியும் என்பதைத்தான் பட்டியல் காட்டும். பத்து வருஷம் கழித்து அவர் எப்படி வேலை செய்கிறார், புதிதாக என்ன கற்றார், கற்றதை மறந்தாரா என்பதைக் காட்டாது. பெயர் மட்டும் பட்டியலில் அப்படியே இருக்கும். நோயாளி அதை நம்பி ஏமாறுவார்.

பென்விக் அம்மையார் பக்கமும் நியாயம் இருந்தது. ஒரு பயிற்சியும் இல்லாதவர் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு ஊசி பிடித்தால் மக்களை யார் காப்பது? கடைசியில் 1919ல், நைட்டிங்கேல் இறந்து ஒன்பது ஆண்டு கழித்து, பிரிட்டனில் பதிவுச் சட்டம் வந்தது. பென்விக் ஜெயித்தார்.

அப்படியானால் நைட்டிங்கேல் தோற்றுவிட்டாரா? இல்லை என்பேன். 2016 முதல் பிரிட்டனில் ஒரு நர்ஸ் தன் பதிவைப் புதுப்பிக்க, மூன்று ஆண்டில் 35 மணி நேரம் புதிதாகக் கற்றதாகக் காட்ட வேண்டும். நம் நாட்டிலும் 2002ல் வந்த மருத்துவர் நடத்தை விதிகள், டாக்டர்கள் ஐந்து ஆண்டுக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்கின்றன. பட்டியலும் வேண்டும், பட்டியலில் இருப்பவர் படித்துக்கொண்டும் இருக்க வேண்டும். இரண்டு பெண்மணிகளின் வாதமும் நூறு ஆண்டு கழித்துக் கை கோத்துக்கொண்டன.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். இதயம் நின்று போனவருக்கு நெஞ்சை அழுத்தி மூச்சு ஊதுகிற முதலுதவி இருக்கிறதல்லவா? 2000ல் படித்த நர்ஸ், 15 முறை அழுத்தி 2 முறை ஊதக் கற்றிருப்பார். 2005ல் அது 30க்கு 2 என்று மாறியது. 2010ல், முதலில் மூச்சு என்பது போய், முதலில் அழுத்தம் என்று வரிசையே மாறியது. 2000ல் தங்கப் பதக்கம் வாங்கியவரானாலும் அதற்குப் பிறகு ஒன்றும் கற்காவிட்டால், அவர் கையில் இருப்பது பழைய முறைதான். அங்கே படுத்திருப்பது நம் அப்பாவாகவோ அம்மாவாகவோ இருக்கலாம்.

ஆனால் இதை நர்ஸ் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. என் ரூம்மேட்டின் அக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இந்த முதலுதவிப் பயிற்சிக்குத் தன் வார விடுப்பில், கைக்காசு போட்டுப் போய் வந்தார். நைட் டியூட்டி முடித்துவிட்டு நேராக வகுப்பில் போய் உட்கார்ந்திருக்கிறார். வார்டுக்கு மாற்று ஆள் இல்லாமல், விடுப்பும் தராமல், படி படி என்றால் எப்படிப் படிப்பது? சில இடங்களில் பயிற்சி என்பது வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, டீ, பிஸ்கட் அத்தோடு முடிகிறது என்றும் அவர் சொல்லி வருத்தப்பட்டார். நைட்டிங்கேல் மாணவிகளிடம் கேட்டது அதிகம்தான். ஆனால் அவர்களுக்குத் தங்க நல்ல இடமும் ஓய்வும் ஒழுங்கான ஆசிரியரும் வேண்டும் என்று மேலே இருப்பவர்களிடமும் சண்டை போட்டார். அதையும் சேர்த்துத்தான் நாம் நினைக்க வேண்டும்.

நமக்கும்தான்

1901 வாக்கில் அவர் பார்வை போயிற்று. 1907ல் பிரிட்டனின் உயர்ந்த விருதான ஆர்டர் ஆப் மெரிட் பெற்ற முதல் பெண் ஆனார். 1910 ஆகஸ்ட் 13ல் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. மன்னர்கள் பலரை அடக்கம் செய்த வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் இடம் தர அரசு முன்வந்தது. ஆனால் அவர் விருப்பப்படியே, ஈஸ்ட் வெல்லோ என்ற கிராமத்தில் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கல்லில் அவர் பெயர்கூட முழுசாக இல்லை. இரண்டு எழுத்தும் பிறந்த, இறந்த தேதிகளும் மட்டும்.

தோழர்களே! அடுத்த வருஷம் நம் கைக்கு டிப்ளமோ வரும். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் வாங்காத காகிதம் அது. கண்ணாடி போட்டு மாட்ட அப்பா இப்போதே சுவரில் இடம் பார்த்து வைத்திருக்கிறார். அந்தச் சர்டிபிகேட் எனக்கு வேண்டும், மிகவும் வேண்டும். அதை வேண்டாம் என்று சொல்கிற வசதி எனக்கில்லை. ஆனால் அதன் மேல் ஒரு தேதி இருக்கும். அந்தத் தேதி வரைக்கும் எனக்கு என்ன தெரியும் என்பதற்குத்தான் அது சாட்சி. நாம் படிக்கிற கான்கிரீட் கலவை விதி ஐ.எஸ். 10262கூட 1982ல் வந்து, 2009லும் 2019லும் மாறிவிட்டது. நாம் வேலையில் இருக்கிற காலத்திலேயே இன்னும் எத்தனை முறை மாறுமோ!

நர்ஸ் படிக்காமல் விட்டால் ஒரு உயிர் போகும். நாம் படிக்காமல் விட்டால் ஒரு கட்டடமே விழும். சர்டிபிகேட்டைச் சுவரில் மாட்டிய மறுநாள் காலையிலும் ஒரு புத்தகத்தைத் திறப்போம்.